அவெர்ஸா கொலையும் ராணி ஜோவானாவும்: நேப்பிள்ஸ் சிம்மாசனத்துக்கு நடந்த பங்காளி சண்டை

நேப்பிள்ஸ் ராணி முதலாம் ஜோவானா பத்தி பேச்சு எடுத்தாலே எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, புருஷன் ஆண்ட்ரூவை கொன்னது அவங்களா இல்லையான்னுதான். கொலை நடந்தது 1345ல, இத்தனை நூற்றாண்டு கழிச்சும் அந்த ஒரே கேள்வியை வச்சுதான் அவங்களை எடை போடுறாங்க, எனக்கு இது ரொம்ப அநியாயமா படுது. ஏன்னா அந்தக் கொலைக்கு முன்னாடியே அரண்மனைல ஒரு தகராறு ரெண்டரை வருஷத்துக்கு மேல ஓடிட்டு இருந்துச்சு, கொலைக்கு அப்புறமும் அது நிக்கல, அவங்க நாலு கல்யாணத்துலயும் அதே தகராறுதான் திரும்பத் திரும்ப வந்துச்சு: நாடு பொண்ணோட பேர்ல இருந்தா, அவளைக் கட்டிக்கிட்டவன் ராஜாவா, இல்ல ராணியோட புருஷன் மட்டும்தானா? இதைப் புரிஞ்சுக்காம கொலையை மட்டும் தனியா எடுத்துப் பாத்தா ஒண்ணும் விளங்காது.

முதல்ல நாட்டைப் பத்தி. நேப்பிள்ஸ் ராஜ்யம்னா வெறும் ஒரு ஊர் இல்ல, ரோமுக்குத் தெக்க இத்தாலியோட பாதி அது, கூடவே பிரான்ஸ் பக்கம் புரோவென்ஸும் அவங்க குடும்பச் சொத்து. ஆனா சட்டப்படி நேப்பிள்ஸ் ராஜ்யம் போப்புக்குக் கீழ உள்ள நிலம். 1265ல போப்தான் அதை ஆன்ஷூ (Anjou) அப்படிங்கிற பிரெஞ்சு அரச குடும்பத்து முதலாம் சார்லஸுக்குக் குடுத்தாரு, வருஷத்துக்கு 8,000 அவுன்ஸ் தங்கம் கப்பம் கட்டணும்னு பேச்சு. அதனால நேப்பிள்ஸ்ல யாரு உக்காந்தாலும் போப்போட சம்மதம் வேணும், அந்தக் காலத்துல போப் ரோம்ல இல்ல, புரோவென்ஸ் பக்கம் அவிஞோன்ல இருந்தாரு, அந்த அவிஞோன் ஊரே ஜோவானா குடும்பத்துக்குச் சொந்தம். இது பின்னாடி பெரிய விஷயமா வரும்.

இப்ப பங்காளிங்க. முதலாம் சார்லஸோட மகன் ரெண்டாம் சார்லஸ், அவரோட மூத்த மகன் சார்லஸ் மார்ட்டெல் 1295லயே செத்துட்டான், அவன் பையன் சின்னப் பையன், அதனால நேப்பிள்ஸ் அந்தப் பையனுக்குப் போகாம சித்தப்பா ராபர்ட்டுக்குப் போச்சு. பையனுக்கு ஹங்கேரி கிடைச்சுது, அவன்தான் ஹங்கேரி ராஜா சார்லஸ் ராபர்ட். ராஜாவா ஆனதுக்கு அப்புறமும் 'மூத்தவன் வழி நாங்கதான், நேப்பிள்ஸ் எங்களுக்குச் சேர வேண்டியது' அப்படிங்கிற எண்ணம் அந்தக் குடும்பத்துல போகவே இல்ல. ராபர்ட் ராஜாவுக்குப் பிழைச்சிருந்த ஒரே பையன் 1328ல செத்துப் போனதும் வாரிசா நின்னது ரெண்டு பேத்திங்க, மூத்தவங்க ஜோவானா, தங்கச்சி மரியா அப்பா செத்த பிறகு பொறந்தவ. அப்ப ராபர்ட் பாத்தாரு, ஹங்கேரி கோபத்தை அடக்கணும்னா சம்பந்தம் பண்ணிக்கிறதுதான் வழின்னு, 1333ல ஹங்கேரி ராஜாவோட ரெண்டாவது பையன் ஆண்ட்ரூவை நேப்பிள்ஸுக்குக் கூட்டிட்டு வந்து ஜோவானாவுக்கு நிச்சயம் பண்ணாங்க. பொண்ணுக்கு 7 வயசு இருக்கும், பையனுக்கு 6.

இன்னும் முடியல, ராபர்ட்டோட தம்பிங்கள்ல பிள்ளைங்களை விட்டுட்டுப் போனவங்க ரெண்டு பேர், ரெண்டு பேரும் செத்தாச்சு, ரெண்டு வீட்டையும் நடத்துனது விதவைங்க. டாரன்டோ வீட்ல வாலுவா கேத்தரின், கான்ஸ்டான்டினோபிள் பேரரசின்னு பட்டம் வச்சிருந்தவங்க, மூணு பசங்க. துராஸ்ஸோ வீட்ல பெரிகோர் ஆக்னஸ், அவங்களுக்கும் மூணு பசங்க, அவங்க சகோதரர் தலேரான் அவிஞோன்ல பெரிய செல்வாக்குள்ள கார்டினல் (போப்புக்கு அடுத்த நிலைப் பாதிரியார்). இந்த ரெண்டு அம்மாக்களும் ஒருத்தருக்கொருத்தர் ஆகவே ஆகாது, ரெண்டு பேருக்கும் குறி ஒண்ணுதான், தன் வீட்டுப் பையன் சிம்மாசனத்துக்குப் பக்கத்துல போகணும்.

1343 ஜனவரில ராபர்ட் கண்ணை மூடினாரு. உயில்ல தெளிவா எழுதி வச்சிருந்தாரு, நாடு முழுக்க ஜோவானாவுக்கு, ஆண்ட்ரூ ராணியோட புருஷன், அவ்வளவுதான், ஜோவானாவுக்கு 25 வயசு ஆகுற வரைக்கும் ராபர்ட்டோட மனைவி சாஞ்சா தலைமைல ஒரு குழு ஆட்சியைப் பாத்துக்கணும். மனுஷன் எல்லாத்தையும் யோசிச்சு எழுதினாரு, ஆனா அந்த உயில்ல இருந்த எதையும் யாரும் மதிக்கல. போப் ஆறாம் கிளெமென்ட் குழு கூடாது, ராணி மைனர்னா நிர்வாகம் என்னோடதுன்னு சொல்லிட்டாரு. மரியாவை ஆண்ட்ரூவோட அண்ணன் ஹங்கேரி லூயிக்குக் குடுக்கணும்னு உயில்ல இருந்துச்சு, ஆக்னஸ் தன் சகோதரர் கார்டினல் மூலமா போப்கிட்ட அனுமதி வாங்கி, அந்த 13, 14 வயசுப் பொண்ணை ரகசியமா தன் மூத்த பையன் சார்லஸுக்குக் கட்டி வச்சுட்டாங்க, ராபர்ட் செத்து சில மாசம்கூட ஆகல. ஜோவானா கொதிச்சுப் போனாங்க, டாரன்டோ வீட்டுக்கும் கோபம், ஹங்கேரிக்கும் கோபம், ஒரு கல்யாணத்துல எல்லாப் பக்கமும் பகை.

ஹங்கேரில அப்பா செத்து மூத்தவன் லூயி ராஜா ஆயிட்டான், அம்மா எலிசபெத் 1343ல நேரா நேப்பிள்ஸ் வந்தாங்க, கைல மூட்டை மூட்டையா தங்கம் வெள்ளி, அவிஞோன்ல போப்போட ஆளுங்களைச் சரிக்கட்டி என் பையனுக்கும் மகுடம் வாங்கணும்னு. இவ்வளவு பணம் இறங்குனதுக்கு அப்புறம் போப்போட பேச்சு மெல்ல மெல்ல ஆண்ட்ரூ பக்கம் சாஞ்சுது. ஒரு நாள் ஜோவானாதான் ஆட்சி பண்ணணும்னு எழுதுவாரு, இன்னொரு நாள் ஆண்ட்ரூவுக்கும் பட்டம் கட்டலாம்னு எழுதுவாரு. 17 வயசுப் பொண்ணு ஒரு நாட்டை நடத்த வேண்டிய நேரத்துல மேல இருக்கவரு இப்படி ஆடிட்டு இருந்தா கீழ இருக்க எந்த ஜமீன்தாரு மதிப்பான்?

ஆண்ட்ரூ பத்தியும் ஒரு வார்த்தை சொல்லியாகணும், அவனும் பாவம்தான். ஆறு வயசுல வேற நாட்டுக்கு வந்தவன், அரண்மனைல அவனை யாரும் பெருசா மதிக்கல. ஆனா அதிகாரம் கைக்கு எட்டும்னு தெரிஞ்சதும் அவன் பண்ண முதல் பெரிய காரியம், ஜெயில்ல கிடந்த பிப்பினோ சகோதரர்களை 1344ல விடுதலை பண்ணதுதான். அந்தச் சகோதரர்களைப் பிடிச்சு உள்ள போட்டு அவங்க நிலத்தைப் பங்கு போட்டவங்க அரண்மனையில பாதிப் பேர். முந்தின வருஷம் கவிஞர் பெட்ரார்க்கே அவங்க விடுதலைக்காகத் தூது வந்து ஒண்ணும் நடக்காம திரும்பிப் போயிருந்தாரு, அப்படி இருக்க ஆண்ட்ரூ அதைச் செஞ்சுட்டான். இப்ப அவனுக்கு மகுடம் வந்தா அடுத்து யாரு தலை உருளும், யாரு நிலம் போகும்னு நிறைய பேருக்குத் தூக்கம் போச்சு. கொலைக்குக் காரணம் தேடுறவங்க ஜோவானாவோட படுக்கை அறையைவிட இந்த நிலப் பத்திரங்களைத்தான் முதல்ல பாக்கணும்.

1345 செப்டம்பர் 18 ராத்திரி. ஜோவானாவும் ஆண்ட்ரூவும் நேப்பிள்ஸ் பக்கத்துல அவெர்ஸாவுல ஒரு மடத்தை ஒட்டுன மாளிகைல தங்கியிருந்தாங்க. ஆண்ட்ரூவுக்குப் பட்டம் கட்ட போப் சம்மதிச்சாச்சு, இன்னும் சில நாள்தான். அவசரச் செய்தின்னு சொல்லி படுக்கைல இருந்தவனை வெளிய கூப்பிட்டாங்க, கதவு பின்னாடி சாத்திக்கிச்சு, அவன் சாமானியமா அடங்கல, போராடியிருக்கான், கடைசில கழுத்துல கயிறு போட்டு இறுக்கி மாடத்துல இருந்து தோட்டத்துப் பக்கம் தொங்கவிட்டாங்க. சத்தம் கேட்டு முதல்ல ஓடி வந்தது அவன்கூட ஹங்கேரில இருந்து வந்த செவிலித்தாய் இசபெல்லா, அவங்க கத்துன கத்துலதான் கொலைகாரங்க உடம்பைப் போட்டுட்டு ஓடுனாங்க. 18 வயசுகூட முடியல அவனுக்கு. பிணத்தை எடுத்துட்டுப் போய் நேப்பிள்ஸ் கதீட்ரல்ல அடக்கம் பண்ணது ஒரு பாதிரியார், தன் சொந்தக் காசுல, அரச குடும்பம் முன்ன நிக்கல. இந்த ஒரு விஷயம் ஜோவானாவுக்கு எதிரா ரொம்ப நாள் பேசப்பட்டுச்சு, பேசப்பட வேண்டியதும்தான். அப்ப அவங்க ஆறு மாசக் கர்ப்பிணி, டிசம்பர் 25 அன்னைக்கு ஆண் குழந்தை பொறந்துச்சு, சார்லஸ் மார்ட்டெல்னே பேர் வச்சாங்க, ஹங்கேரிக்காரங்களோட தாத்தா பேரு.

அடுத்து நடந்த விசாரணை, இதைத்தான் நிதானமா பாக்கணும். கொலை நடந்த கொஞ்ச நாள்லயே ஆண்ட்ரூவோட அறைப் பணியாளன் தொமாசோ மம்பிரிச்சோவைப் பிடிச்சு சித்திரவதை பண்ணிக் கொன்னாங்க, வாய் திறந்து பேச முடியாதபடி பண்ணித்தான் கொண்டு போனாங்கன்னு அந்தக் காலத்துலயே பேச்சு. 1346 மார்ச்ல ஊர் கலவரம் ஆச்சு, கலவரத்துக்குப் பின்னாடி நின்னது துராஸ்ஸோ சார்லஸ், மரியாவைக் கட்டினவன். கூட்டம் அரண்மனையைச் சுத்தி வளைச்சு ராணியோட ஆளுங்களைக் கேட்டுச்சு, பிடிபட்ட ஒருத்தனைத் துறைமுகத்துல கப்பல் மேல வச்சு ஜனங்க கண்ணு முன்னாடியே சித்திரவதை பண்ணி பேர் வாங்குனாங்க. அவன் சொன்ன பேரெல்லாம் யாரு? கத்தானியா ஃபிலிப்பா, அவங்க மகன் ராபர்ட், பேத்தி சாஞ்சா, டெர்லிட்ஸி கவுன்ட். அதாவது ஜோவானாவைச் சின்ன வயசுல இருந்து வளத்தவங்க, பக்கத்துல இருந்து ஆலோசனை சொன்னவங்க.

ஃபிலிப்பா பத்தி தனியாவே ஒரு நாள் எழுதலாம். சிசிலில துணி துவைக்குற வேலை செஞ்சவங்க, ராபர்ட்டோட முதல் மனைவிக்குக் குழந்தை பொறந்தப்ப பாலூட்ட வந்து, அப்படியே அரண்மனைல தங்கிட்டாங்க. அவங்க புருஷன் ரைமோந்தோ ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையா விக்கப்பட்டு வந்தவரு, அரண்மனைச் சமையல்கட்டுல ஆரம்பிச்சு அரச குடும்பத்து மேலாளர் வரைக்கும் உயந்தாரு, பசங்க கவுன்ட் பட்டம் வாங்குனாங்க. பழைய குடும்பத்து பிரபுக்களுக்கு இது கண்ணுல விழுந்த தூசி மாதிரி உறுத்திட்டே இருந்துச்சு. கொலை வழக்குல அந்தக் குடும்பம் முழுக்க அழிஞ்சுது, வயசான ஃபிலிப்பா சித்திரவதைலயே உயிர விட்டாங்க, சாஞ்சாவை ஊர் முழுக்க வண்டில கட்டி இழுத்துட்டுப் போய் எரிச்சாங்க. அந்த வழக்குல வந்த வாக்குமூலம் எல்லாமே இந்த மாதிரி வாங்குனது. இதை வச்சு ஒருத்தர் குற்றவாளின்னு இன்னைக்கு எந்தக் கோர்ட்டும் சொல்லாது.

போப் வழக்கை பெர்த்ரான்த் தெ போ அப்படிங்கிற தலைமை நீதிபதிகிட்ட குடுத்தாரு, ஆனா அரச ரத்தத்துல யார் பேராவது வந்தா அதை நீ தொடாத, அது எங்கிட்ட வரணும்னு தனியா சொல்லிட்டாரு. அதனால டாரன்டோ வீட்டு மேலயும் துராஸ்ஸோ வீட்டு மேலயும் இருந்த சந்தேகம் விசாரிக்கப்படவே இல்ல. கொலையால லாபம் பாத்தது யாருன்னு கேட்டா, டாரன்டோ வீட்டு ரெண்டாவது பையன் லூயி 1347 ஆகஸ்ட்ல ஜோவானாவைக் கட்டிக்கிட்டான், துராஸ்ஸோ சார்லஸ் ராணியோட ஆதரவாளர்களை ஒருத்தர் விடாம ஒழிச்சான். ஜோவானாவுக்கு? கூட இருந்தவங்க போயாச்சு, ஹங்கேரி படையெடுக்க ஒரு காரணம் கிடைச்சாச்சு. ஆண்ட்ரூவுக்குப் பட்டம் கட்டுறதை அவங்க கடைசி வரைக்கும் எதிர்த்தாங்க, அதுல சந்தேகமே இல்ல. சதி நடக்குதுன்னு காதுல விழுந்து அவங்க சும்மா இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கல. ஆனா திட்டம் போட்டு கொலை பண்ணச் சொன்னாங்கன்னு சொல்ல கைல ஆதாரம் இல்ல. ஹங்கேரி லூயி போப்புக்கு எழுதுன கடிதத்துலயே ஜோவானாவை இறக்கிட்டு நாட்டை எங்களுக்குக் குடுங்கன்னுதான் கேட்டான், தம்பி சாவுக்கு நியாயமும் நாடும் அவனுக்கு ஒரே கோரிக்கை.

படை வந்துச்சு. 1348 ஜனவரி 15 அன்னைக்கு ஜோவானா ராத்திரியோட ராத்திரியா கப்பல் ஏறி புரோவென்ஸ் போனாங்க, கைக்குழந்தையைக் கூட்டிட்டுப் போக முடியல. ஹங்கேரி லூயியை வரவேத்தா நமக்கு நல்லதுன்னு நினைச்சு பங்காளிங்க எல்லாரும் அவெர்ஸாவுக்குப் போய்ப் பாத்தாங்க. லூயி விருந்து வச்சான், விருந்து முடிஞ்சதும் துராஸ்ஸோ சார்லஸை ஆண்ட்ரூ செத்த அதே மாடத்துக்குக் கூட்டிட்டுப் போய் தலையை வெட்டினான், மத்த நாலு இளவரசனுங்களையும் விலங்கு போட்டு ஹங்கேரிக்கு அனுப்பினான். குழந்தையையும் ஹங்கேரிக்குக் கொண்டு போனாங்க, அது அங்கயே செத்துப் போச்சு, அம்மா அப்புறம் அந்தப் பிள்ளையைப் பாக்கவே இல்ல.

புரோவென்ஸ்லயும் அவங்களுக்கு நிம்மதி இல்ல. எங்க நிலத்தை வித்துடுவாங்களோன்னு அங்க உள்ள பிரபுக்கள் அவங்களை எக்ஸ் ஊர்ல தடுத்து வச்சு, எதையும் கைமாத்த மாட்டேன்னு சத்தியம் வாங்குனதுக்கு அப்புறம்தான் விட்டாங்க. மார்ச்ல அவிஞோன் போய் போப் முன்னாடியும் கார்டினல்கள் முன்னாடியும் நின்னு தன் பக்கத்தைச் சொன்னாங்க, ஊருக்குள்ள அப்ப பிளேக் நோய்ல ஜனங்க கொத்துக் கொத்தா செத்துட்டு இருந்த நேரம். 22 வயசு, நாடு போச்சு, கைல காசு இல்ல, எதிர்ல உக்காந்திருக்கவரு நீதிபதியும் அவருதான், மேல் எஜமானும் அவருதான், வாங்கப் போறவரும் அவருதான். ஜூன் 9 அன்னைக்கு அவிஞோன் நகரத்தை 80,000 ஃபுளோரினுக்கு (அந்தக் காலத் தங்க நாணயம்) போப்புக்கு வித்தாங்க. டாரன்டோ லூயிகூட நடந்த கல்யாணத்துக்கும் அனுமதி கிடைச்சுது. குடுத்த சத்தியம் போச்சுன்னு புரோவென்ஸ்காரங்க கோபப்பட்டது நியாயம்தான், ஆனா அந்தக் காசு இல்லன்னா கப்பலுக்கும் படைக்கும் வழியே இல்ல. போப்புங்க அந்த ஊரை 1791 வரைக்கும் வச்சிருந்தாங்க.

பிளேக் பயத்துல ஹங்கேரி ராஜா ஊருக்குக் கிளம்பிட்டான், ஆகஸ்ட்ல ஜோவானா திரும்பி வந்தாங்க. வந்தா இங்க புதுசா ஒரு பிரச்சினை, கட்டின புருஷன். டாரன்டோ லூயி 1349ல அவங்களோட நம்பிக்கைக்குரிய என்ரிக்கோ கராச்சோலோ மேல கள்ளத்தொடர்புன்னு பழி போட்டுக் கொன்னு, முத்திரை, கஜானா, கோட்டை எல்லாத்தையும் தன் கைக்கு எடுத்துக்கிட்டான். ஆண்ட்ரூ எதை வாங்குறதுக்குள்ள செத்தானோ அதை இவன் கேக்காமலே எடுத்துக்கிட்டான், புளோரன்ஸ்ல இருந்து வந்த நிக்கோலா அச்சாயோலி அவனுக்கு மூளையா நின்னாரு. ஹங்கேரி லூயி 1350ல மறுபடி வந்தான், சண்டை இழுத்துக்கிட்டே போய் கடைசில 1352ல சமாதானம், போப் ஜோவானா குத்தமில்லாதவங்கன்னு அறிவிச்சாரு, சிறைல இருந்த இளவரசனுங்களுக்கு 300,000 ஃபுளோரின்னு பேசுன தொகையை ஹங்கேரி லூயி வேண்டாம்னு விட்டுட்டான். அதே வருஷம் மே 27 ராணிக்கும் டாரன்டோ லூயிக்கும் சேத்துப் பட்டாபிஷேகம், ஆனா ஆட்சி அவனோடது. பத்து வருஷம் அப்படியே போச்சு, அவங்களுக்குப் பொறந்த ரெண்டு பொண்ணுங்களும் சின்ன வயசுலயே செத்துட்டாங்க. 1362 மே மாசம் லூயி செத்தான்.

அதுக்கப்புறம் ஜோவானா பண்ணதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, பாடம் கத்துக்கிட்ட மனுஷி அப்படித்தான் பண்ணுவாங்க. மூணாவது புருஷன் மஜோர்கா ஜேம்ஸ், அரகான் ராஜாகிட்ட பல வருஷம் இரும்புக் கூண்டுல அடைபட்டுக் கிடந்து தப்பிச்சவன், கல்யாண ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிட்டாங்க, உனக்கு ராஜா பட்டம் கிடையாது, ஆட்சில தலையிடக் கூடாதுன்னு. அவன் சும்மா இருக்கல, தகராறு பண்ணான், அப்புறம் தன் சொந்த நாட்டை மீட்கப் போறேன்னு போயி 1375ல செத்தான். நாலாவது பிரன்ஸ்விக் ஆட்டோ, 1376ல, அவருக்கும் ராஜா பட்டம் இல்ல, ஆனா அந்த மனுஷன் கடைசி வரைக்கும் கூட நின்னாரு. 1362ல இருந்து 1378 வரைக்கும் பதினாறு வருஷம் நேப்பிள்ஸை ஆண்டது நிஜமாவே ஜோவானா.

கெடுத்தது மறுபடி போப் பதவிதான். 1378 ஏப்ரல்ல ஆறாம் அர்பன் போப் ஆனாரு, நேப்பிள்ஸ்காரரு, ஜோவானா சந்தோஷமா பரிசெல்லாம் அனுப்புனாங்க. அவரோட கோபமும் பேச்சும் தாங்காம கார்டினல்கள் பிரிஞ்சு போய் செப்டம்பர்ல ஏழாம் கிளெமென்ட்டைத் தேர்ந்தெடுத்தாங்க, தேர்தல் நடந்த ஃபோண்டி ஊர் ஜோவானா ராஜ்யத்துக்குள்ளயே இருந்துச்சு. அவங்க கிளெமென்ட் பக்கம் போனாங்க. ஆனா நேப்பிள்ஸ் ஜனங்களுக்கு அர்பன் நம்ம ஊர் ஆளு, 1379ல கிளெமென்ட் நேப்பிள்ஸ் வந்தப்ப ஊரே கலவரம், அவரு அவிஞோனுக்கு ஓட வேண்டியதாப் போச்சு. 1380ல அர்பன் ஜோவானாவை மதத்துரோகின்னு அறிவிச்சு நாட்டைப் பறிச்சு இன்னொரு துராஸ்ஸோ சார்லஸுக்குக் குடுத்தாரு. இவன் 1348ல விலங்கு போட்டு ஹங்கேரிக்கு அனுப்பப்பட்ட துராஸ்ஸோ வீட்டு லூயியோட மகன், ஹங்கேரில வளந்தவன், கட்டியிருந்தது மார்கரெட்டை, அதாவது ஜோவானா தங்கச்சி மரியாவுக்கும் தலை வெட்டப்பட்ட சார்லஸுக்கும் பொறந்த பொண்ணு. ஜோவானா பதிலுக்கு பிரெஞ்சு ராஜாவோட தம்பி ஆன்ஷூ லூயியைத் தத்தெடுத்து வாரிசாக்குனாங்க, ஆனா அவரு வந்து சேர தாமதம் ஆயிடுச்சு.

1381 ஜூலை 16 சார்லஸ் நேப்பிள்ஸுக்குள்ள வந்துட்டான். ராணி காஸ்தல் நுவோவோ கோட்டைக்குள்ள, உள்ள அடைக்கலம் கேட்டு வந்த ஜனங்களும் நிறைய, சாப்பாடு தீர்ந்துகிட்டே வருது. ஆகஸ்ட் கடைசில ஆட்டோ முற்றுகையை உடைக்க வந்து தோத்துப் பிடிபட்டாரு, அதுக்கு மேல முடியாம அவங்க சரணடைஞ்சாங்க. சில நாள் கழிச்சு புரோவென்ஸ்ல இருந்து உதவிக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வந்து சேந்துச்சு. ஆன்ஷூ லூயியோட பேரை நீக்கிட்டு என்னை வாரிசா எழுதுன்னு சார்லஸ் வற்புறுத்துனான், அவங்க மாட்டேன்னுட்டாங்க. பாசிலிகாட்டா மலைப் பக்கம் மூரோ கோட்டைல அடைச்சு 1382ல கொன்னாங்க, கழுத்தை நெரிச்சாங்கன்னு ஒரு பக்கம், தலகாணி வச்சு அமுக்குனாங்கன்னு ஒரு பக்கம் எழுதி வச்சிருக்காங்க. உடம்பை நேப்பிள்ஸ் சாந்தா கியாரா கோயில்ல ஜனங்க பாக்கட்டும்னு வச்சாங்க, போப் விலக்கி வச்சதால முறையான அடக்கம் கிடையாது.

சார்லஸும் நீடிக்கல. ஹங்கேரில லூயி செத்து மகள் மேரி ராணி ஆனப்ப, அங்கயும் ஒரு பொண்ணுகிட்ட இருந்து மகுடத்தைப் பிடுங்கப் போனான், 1385 கடைசி நாள்ல முடிசூட்டிக்கிட்டான், ரெண்டு மாசம்கூட இல்ல, மேரியோட அம்மா எலிசபெத் ஏற்பாடு பண்ண ஆளுங்க வெட்டி, 1386 பிப்ரவரில செத்தான். அந்த எலிசபெத்தை அடுத்த வருஷம் மகள் கண்ணு முன்னாடியே நெரிச்சுக் கொன்னாங்க. நேப்பிள்ஸ்ல மார்கரெட் சின்னப் பையனுக்காக ஆட்சி பாத்தாங்க, அவன் 1414ல முறையான வாரிசு இல்லாம செத்ததும் அக்கா ராணி ஆனாங்க, அவங்க பேரும் ஜோவானா. இரண்டாம் ஜோவானா 1415ல பூர்போன் ஜேம்ஸைக் கட்டுனாங்க, ஒப்பந்தத்துல ராஜா பட்டம் கிடையாதுன்னு இருந்துச்சு, அவன் வந்த உடனே தானே ராஜான்னு சொல்லி ராணியோட நெருங்கின ஆலோசகனைக் கொன்னு அவங்களையே அரண்மனைல சிறை வச்சான். 1416ல நேப்பிள்ஸ் ஜனங்க கிளர்ந்து அவங்களை வெளிய கொண்டு வந்தாங்க, ஜேம்ஸ் 1419ல நாட்டை விட்டு ஓடிப் போய் பின்னாடி பிரான்சிஸ்கன் துறவி ஆயிட்டான், இரண்டாம் ஜோவானா அதுக்கப்புறம் யாரையும் கட்டிக்காம 1435ல சாகுற வரைக்கும் ராணியா இருந்தாங்க.